முதல் வாளி எங்கே போகிறது?

சோலார் ஹீட்டர் வைத்த வீடுகளில் ஒரு பழக்கம் தானாகவே வந்துவிடும். குளிக்கப் போகிறவர் சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, டவலை எடுக்கவோ பல் துலக்கவோ போய்விடுவார். குழாயில் முதலில் வருவது பச்சைத் தண்ணீர்தான். அது ஓடி முடிந்து, கையை நீட்டிப் பார்த்து, வெதுவெதுப்பு தெரிந்த பிறகே குளியல். ஓடிய தண்ணீர் நேரே சாக்கடைக்கு. அது ஏற்கெனவே மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தண்ணீர். வெயில் காலத்தில் சில வீடுகளில் லாரிக்குக் காசு கொடுத்து வாங்கிய தண்ணீரும்கூட.

இந்த முதல் வாளியைக் காப்பாற்ற ஒரு சின்ன பம்ப் இருக்கிறது. ‘ஹாட் வாட்டர் ரீசர்க்குலேஷன் பம்ப்’ என்று பெயர்; சுருக்கமாகச் சுழற்சி பம்ப். நட்சத்திர ஹோட்டல்களில் எந்த அறையில் எப்போது குழாயைத் திறந்தாலும் உடனே சுடுதண்ணீர் வருகிறதே, அதற்குப் பின்னால் இருப்பது இதுதான். தனி வீடுகளிலும் வில்லாக்களிலும் இப்போது இதைப் பொருத்துகிறார்கள். பம்பைப் பொருத்துவது ஒரு நாள் வேலை. அதை எப்போது ஓடவிடுவது, எப்போது நிறுத்துவது என்பதில்தான் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

குழாயில் தூங்கும் தண்ணீர்

கணக்குப் பார்க்க ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். தரைத்தளம், முதல் மாடி, மேலே மொட்டை மாடி. அங்கே 200 லிட்டர் சோலார் ஹீட்டர். அப்பா, அம்மா, கல்லூரி போகும் மகள், பாட்டி என நான்கு பேர். ஹீட்டரிலிருந்து தரைத்தளத்தின் பின்பக்கம் இருக்கும் பாட்டியின் பாத்ரூம் வரை குழாய் இறங்கி, வளைந்து, சுவருக்குள் நுழைந்து வர 20 மீட்டர் ஆகிறது.

உள்விட்டம் 20 மில்லிமீட்டர் உள்ள குழாயில் ஒரு மீட்டருக்குச் சுமார் 300 மில்லி தண்ணீர் நிற்கும். 20 மீட்டருக்கு 6 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். ராத்திரி முழுக்கக் குழாயிலேயே நின்று ஆறிப்போன இந்தத் தண்ணீர் வெளியே வந்தால்தான் பின்னால் வரும் சூட்டுக்கு இடம் கிடைக்கும். அப்படி வரும் சுடுதண்ணீரும் முதலில் குழாயின் சுவரைச் சூடாக்கிவிட்டுத்தான் கைக்கு வரும். ஆக, ஒரு தடவைக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

காலையில் மூன்று தடவை, மாலையில் இரண்டு தடவை என்றால் ஒரு நாளைக்கு 40 லிட்டர். ஒரு வருடத்துக்கு 14,600 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றை வாசலில் நிறுத்தி, முழுவதையும் சாக்கடையில் திறந்துவிட்டு, இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொட்டுவதற்குச் சமம் இது. 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு, குடத்தோடு வரிசையில் நின்றவர்களுக்கு இந்த அளவின் அருமை தெரியும்.

சுற்றிவரும் தண்ணீர்

சுழற்சி பம்ப் செய்வது எளிய வேலை. கடைசி பாத்ரூம் வரை வந்த சுடுதண்ணீர்க் குழாயின் முனையிலிருந்து இன்னொரு குழாய் மறுபடியும் ஹீட்டருக்குப் போகும். பம்ப் ஓடும்போது, குழாயில் நிற்கும் ஆறிய தண்ணீர் இந்தத் திரும்பும் குழாய் வழியாக ஹீட்டர் தொட்டிக்கே போய்ச் சேரும். அதன் இடத்துக்குச் சுடுதண்ணீர் வந்து நிற்கும். அதன் பிறகு குழாயைத் திறந்தால் சூடாகவே வரும். சாக்கடைக்கு ஒரு சொட்டும் போகாது.

“ரெண்டு மாடி மேல தண்ணிய திரும்ப ஏத்தணுமே, அதுக்கு அரை எச்பி மோட்டார் வேணாமா?” என்று கேட்பவர்கள் உண்டு. தேவையில்லை. ராட்டினத்தின் இரண்டு பக்கமும் வாளி கட்டிய கிணற்றை நினைத்துப் பார்த்தால் புரியும். ஒரு வாளி இறங்கும்போது அதன் எடை இன்னொரு வாளியைத் தூக்க உதவும். இங்கேயும் ஒரு குழாயில் இறங்கும் தண்ணீர், மற்றொன்றில் ஏறும் தண்ணீரைச் சமன் செய்துவிடுகிறது. குழாயின் உராய்வை மட்டும் பம்ப் தாண்டினால் போதும். வீட்டுக்கான சின்ன பம்புகளுக்கு 25 வாட் அளவு மின்சாரமே போதுமானது. பழைய குண்டு பல்பு ஒன்று எடுத்ததைவிடக் குறைவு.

இந்த 25 வாட்தான் பலரை ஏமாற்றுகிறது.

ராத்திரி முழுக்க ஓடினால்?

பம்பைப் பொருத்திய பிளம்பர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்: “சார், இது கரன்ட்டே இழுக்காது. ஆன்லயே விட்டுடுங்க. எப்பத் திறந்தாலும் சுடுதண்ணிதான்.” கேட்க நன்றாகத்தான் இருக்கும். 25 வாட் பம்ப் 24 மணி நேரம் ஓடினால் 0.6 யூனிட். பெரிய செலவு இல்லை.

ஆனால் பம்பின் மின்சாரம் இதில் சின்னப் பங்கு. பெரிய பங்கு குழாய் வழியே போகும் சூடு. 60 டிகிரி செல்சியஸ் தண்ணீர் ஓடும் குழாய், 30 டிகிரி அறையில், மேலே உறை எதுவும் இல்லாமல் இருந்தால், ஒரு மீட்டருக்குச் சுமார் 20 வாட் வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். போக 20 மீட்டர், வர 20 மீட்டர், மொத்தம் 40 மீட்டர். அதாவது 800 வாட். சுவருக்குள் ஒரு இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து மறந்துவிட்டது போல.

200 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர வெயில் சேர்த்துவைத்த மொத்த வெப்பமே சுமார் 7 யூனிட்தான். ராத்திரி எட்டு மணியிலிருந்து காலை ஐந்து மணி வரை பம்ப் சுற்றிக்கொண்டே இருந்தால், அதில் பாதிக்கும் மேல் சுவருக்குப் போய்விடும். 60 டிகிரியில் இருந்த தொட்டி, விடியும்போது 40 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். நான்கு பேர் குளிக்க வேண்டிய வீட்டில் இரண்டு பேருக்குக்கூட ஒழுங்காகச் சூடு இருக்காது. “சோலார் வேலை செய்யல” என்று கம்பெனிக்குப் போன் போடுவார்கள். சோலார் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கும். சேர்த்ததை இரவில் வீட்டுச் சுவர் குடித்திருக்கும்.

தொட்டிக்குள் மின்சார பேக்கப் ஹீட்டர் ஆன் செய்திருந்தால் கதை வேறு. தண்ணீர் ஆறாது, ஆனால் ஆறவிடாமல் ஹீட்டர் ராத்திரி முழுக்க ஈடுகட்டும். ஒரு ராத்திரிக்கு 7 யூனிட் என்றால், இரண்டு மாத ஈபி பில்லில் 400 யூனிட்டுக்கு மேல். இலவசச் சூட்டுக்காக மொட்டை மாடியில் சோலார் வைத்த வீடு, கீசர் வைத்த வீட்டைவிட அதிகமாகக் கட்ட வேண்டியிருக்கும்.

ஹோட்டலில் இது நியாயம். அங்கே நூறு அறைகளில் யாராவது ஒருவர் எந்நேரமும் குளித்துக்கொண்டிருப்பார். வீட்டில் சுடுதண்ணீர் தேவைப்படுவது ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம். மீதி 23 மணி நேரமும் யாருக்காக அது சுற்ற வேண்டும்?

அமெரிக்கா எடுத்த முடிவு

தனி வீடுகளில் இந்தப் பம்ப் புழங்கும் நாடுகளில் ஒன்று அமெரிக்கா. அங்கே ஹீட்டர் அடித்தளத்திலோ கார் நிறுத்தும் கராஜிலோ இருக்கும். பாத்ரூம்கள் வீட்டின் மறுகோடியில். நீளமான குழாய், நீண்ட காத்திருப்பு. ஆரம்பத்தில் அங்கேயும் நாள் முழுக்கச் சுற்றவிட்டார்கள். பிறகு டைமர் வந்தது, அதன் பிறகு தெர்மோஸ்டாட்.

அந்நாட்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, தண்ணீர்ச் சிக்கனத்துக்காக நடத்தும் ‘வாட்டர்சென்ஸ்’ திட்டத்தில் 2009-ல் புது வீடுகளுக்கான நிபந்தனைகளை வகுத்தது. ஹீட்டருக்கும் குழாய் முனைக்கும் நடுவே அரை காலனுக்கு மேல், அதாவது சுமார் 2 லிட்டருக்கு மேல், தண்ணீர் தங்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சுழற்சி பம்ப் வைத்தால், வெறும் டைமரையோ வெப்பநிலையையோ மட்டும் வைத்து ஓடுவதாக இருக்கக் கூடாது. வீட்டில் இருப்பவர் கேட்கும்போது ஓட வேண்டும் என்றும் அது சொன்னது. அந்நாட்டு எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பின் 2015 பதிப்பும் இதே திசையில் வந்தது: தேவை தெரிந்தால் பம்ப் ஓட வேண்டும், குழாயில் சூடு வந்ததும் தானாக நிற்க வேண்டும்.

மின்சாரமும் எரிவாயுவும் தாராளமாகப் புழங்கும் நாடே ‘கேட்டால் மட்டும் ஓடு’ என்ற முடிவுக்கு வந்திருக்கிறது. வெயில் கொடுத்த 7 யூனிட் சூட்டை வைத்துக் காலையை ஓட்டும் வீட்டுக்கு இது இன்னும் பொருந்தும்.

யார் கையில் சுவிட்ச்?

பம்பைக் கட்டுப்படுத்த நான்கு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

டைமர்: காலை 5.30 முதல் 7.30 வரை, மாலை 6.00 முதல் 7.00 வரை என்று நேரம் வைத்துவிடுவது. விலை குறைவு, பொருத்துவது சுலபம். ஒரே நேரத்துக்குக் குளிக்கும் குடும்பத்துக்கு ஓரளவு சரி. ஆனால் அந்த இரண்டு மணி நேரமும் யாராவது குளித்தாலும் குளிக்காவிட்டாலும் பம்ப் ஓடும். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு எழுந்திருக்கும் வீட்டில், எல்லோரும் தூங்கும்போது சுடுதண்ணீர் ஊர்சுற்றிக்கொண்டிருக்கும். பல் சக்கரம் சுற்றும் மலிவு விலை டைமர்களில் இன்னொரு தொல்லை: கரன்ட் போனால் அதன் கடிகாரமும் நின்றுவிடும். இரண்டு மணி நேரம் பவர் கட் என்றால், மறுநாள் காலை ஐந்தரை மணிச் சுடுதண்ணீர் ஏழரைக்கு வரும். பேட்டரி பேக்கப் உள்ள டிஜிட்டல் டைமரில் இந்தக் குழப்பம் இல்லை.

தெர்மோஸ்டாட்: குழாயின் மேல் கவ்விக்கொள்ளும் சின்ன சாதனம். தண்ணீர் 35 டிகிரிக்குக் கீழே போனால் பம்பை ஓட்டும், 45-ஐத் தொட்டால் நிறுத்தும். தொடர்ந்து ஓடுவதைவிட மேல். ஆனால் ஆளில்லாத நடு ராத்திரியிலும் குழாய் ஆறினால் அது எழுந்து வேலை செய்யும். உறையில்லாத குழாய் அரை மணி, முக்கால் மணிக்குள் ஆறிவிடும் என்பதால், விடியும்வரை இந்தக் கண்ணாமூச்சி நடந்துகொண்டே இருக்கும். டைமரோடு சேர்த்து வைத்தால்தான் இதற்கு அர்த்தம்.

பட்டன்: பாத்ரூம் வாசலில் காலிங் பெல் மாதிரி ஒரு சுவிட்ச். குளிக்கப் போகிறவர் அழுத்துகிறார். பம்ப் ஓடுகிறது. ஒன்றிரண்டு நிமிடத்தில் சுடுதண்ணீர் பாத்ரூம் முனைக்கு வந்ததும் சென்சார் பம்பை நிறுத்திவிடுகிறது. அதற்குள் டவல் எடுத்து, சோப்பு தேடி முடித்திருப்பார். நாளைக்கு ஐந்து தடவை, தடவைக்கு இரண்டு நிமிடம் என்றால் பம்ப் ஓடுவது வெறும் 10 நிமிடம். வருடத்துக்கு 2 யூனிட்கூட ஆகாது. குழாயில் வீணாகும் சூடும், பம்பே இல்லாதபோது எவ்வளவு வீணாகுமோ அந்த அளவுதான். தண்ணீர் மட்டும் முழுதாக மிஞ்சுகிறது.

ஸ்மார்ட் கட்டுப்பாடு: வைஃபை பிளக் அல்லது ரிலே வைத்து, போனிலிருந்தோ குரல் சொல்லியோ ஓட்டுவது. குழாயில் ஒட்ட ‘டிஎஸ்18பி20’ போன்ற டிஜிட்டல் வெப்ப சென்சார்கள் இருக்கின்றன. வீட்டுப் பயன்பாட்டு வெப்பநிலைகளில் அரை டிகிரி வித்தியாசத்துக்குள் சரியாகச் சொல்லும். இந்தக் கற்பனை வீட்டின் மகள் போன்ற பொறியியல் மாணவிகளுக்கு ஒரு வாரக்கடைசி வேலை. சுவரைக் கொத்தி ஒயர் இழுக்காமல், ஒவ்வொரு பாத்ரூமுக்கும் ஒரு ஒயர்லெஸ் பட்டன் வைத்துக்கொள்ளலாம் என்பது இதன் பெரிய வசதி.

ஆனால் அந்த வீட்டில் ஒரு பேச்சு வரும். “பாட்டி, போன்ல இந்த ஆப்பைத் திறந்து ஆன் பண்ணினா போதும்” என்பாள் பேத்தி. “குளிக்கப் போறப்ப போனைத் தூக்கிட்டுப் போகணுமாடி? கண்ணாடி போட்டாத்தான் அது தெரியும். கண்ணாடி போட்டுக்கிட்டுக் குளிக்கவா?” என்பார் பாட்டி. பாட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் இருக்கும் வயதானவரும் வேலைக்கு வரும் அம்மாவும் யோசிக்காமல் பயன்படுத்த முடிந்தால்தான் அது நல்ல ஏற்பாடு. எத்தனை ஸ்மார்ட்டாக வைத்தாலும், கையால் அழுத்த ஒரு நிஜ பட்டன் சுவரில் இருக்க வேண்டும். வைஃபை நின்ற நாளிலும் அது வேலை செய்ய வேண்டும்.

ஆள் நடமாட்டத்தை உணர்ந்து ஓட்டும் மோஷன் சென்சாரும் கிடைக்கிறது. ஆனால் பாத்ரூமுக்குப் போகிறவர்கள் எல்லோரும் குளிக்கப் போவதில்லை. கை கழுவ நுழைந்தவருக்கெல்லாம் சுடுதண்ணீர் கீழே இறங்கி வந்து காத்திருக்கும். பட்டனே மேல்.

மழைக்காலத்தில் நிற்காத பம்ப்

சோலார் வீட்டுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கீசரில் தண்ணீர் எப்போதும் ஒரே சூட்டில் இருக்கும். சோலாரில் அப்படி இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால், தொட்டியில் இருப்பதே 36 டிகிரிதான். ‘42 டிகிரி வந்தால் நில்’ என்று சென்சாருக்குச் சொல்லி வைத்திருந்தால், அந்த 42 வரவே வராது. பட்டனை ஒரு தடவை அழுத்திவிட்டு எல்லோரும் மறந்துபோக, பம்ப் சாயங்காலம் வரை ஓடிக்கொண்டிருக்கும். இருக்கிற கொஞ்சம் சூட்டையும் சுவருக்குக் கொடுத்து முடித்துவிடும்.

இதற்கு இரண்டு காவல் வேண்டும். ஒன்று, குறிப்பிட்ட ஒரு டிகிரிக்காகக் காத்திருக்காமல், பட்டன் அழுத்தியபோது இருந்ததைவிட 5 டிகிரி ஏறினால் நிறுத்திவிடச் சொல்வது. சுடுதண்ணீர் வந்து சேர்ந்தது என்பதற்கு அந்த ஏற்றமே சாட்சி. இரண்டு, என்ன ஆனாலும் மூன்று நிமிடத்துக்கு மேல் ஓடாதபடி உச்ச நேரம் வைப்பது. சென்சார் கழன்று விழுந்தாலும், ஒயரை எலி கடித்தாலும், இந்த மூன்று நிமிடக் கட்டளை வீட்டைக் காப்பாற்றும். எந்தக் கட்டுப்பாட்டுக் கருவி வாங்கினாலும், “அதிகபட்சம் எவ்வளவு நேரம் ஓடும் என்று இதில் வைக்க முடியுமா?” என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். பல இடங்களில் வேலை சுலபம் என்பதற்காக மொட்டை மாடியில், தண்ணீர் திரும்பி வந்து தொட்டியில் சேரும் இடத்தில் வைத்துவிடுகிறார்கள். அப்படி வைத்தால், போகும் குழாய் மட்டுமின்றித் திரும்பும் குழாயும் முழுக்கச் சுடுதண்ணீரால் நிரம்பிய பிறகே பம்ப் நிற்கும். இரட்டிப்பு நேரம், இரட்டிப்புச் சூடு வீண். கடைசி பாத்ரூமில், திரும்பும் குழாய் தொடங்கும் இடத்தில் சென்சார் இருக்க வேண்டும். சூடு அங்கே வந்தால் போதும். அதற்கு மேல் ஒரு அடிகூட அது போகத் தேவையில்லை.

பிளம்பரிடம் சொல்ல வேண்டியவை

பம்ப் சுடுதண்ணீருக்கென்றே செய்யப்பட்டதா என்று கேட்டு வாங்க வேண்டும். உடல் பித்தளையிலோ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ இருப்பது நல்லது. வார்ப்பிரும்பு உடல் கொண்டது புதிய தண்ணீர் வந்துகொண்டே இருக்கும் குழாயில் துருப்பிடிக்கும்.

பம்பை மொட்டை மாடியில் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தால் அங்கே தண்ணீரின் அழுத்தம் குறைவு என்பதால் காற்று பிடித்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். கீழ்த்தளத்தில் வைத்தால் மேலிருக்கும் தண்ணீரின் அழுத்தமே அதற்குத் துணை.

திரும்பும் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு கட்டாயம். அது இல்லாவிட்டால், குழாயைத் திறந்ததும் தொட்டியின் அடியில் உள்ள குளிர்ந்த தண்ணீர் இந்த வழியாகத் தலைகீழாக இறங்கி வந்து, சுடுதண்ணீரோடு கலந்துவிடும். “பம்ப் வைத்த பிறகு சூடு குறைந்துவிட்டது” என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பச்சைத் தண்ணீர்க் குழாய்க்கு மட்டும் பிரஷர் பம்ப் வைத்திருக்கும் வீடுகளிலும் கவனம் தேவை. ஷவர் மிக்ஸர் வழியாகக் குளிர்ந்த தண்ணீர் சுடுதண்ணீர்க் குழாய்க்குள் தள்ளப்பட்டு, சோலார் தொட்டியின் காற்றுக்குழாய் வழியே மொட்டை மாடியில் கொட்டும். சுழற்சி பம்ப் வைக்கும் முன் அதைச் சரிசெய்துவிட வேண்டும்.

குழாய்க்குக் கறுப்பு ஃபோம் உறை போடுவதை யாரும் தவிர்க்கக் கூடாது. வெப்ப இழப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அப்பா குளித்து ஒரு மணி நேரம் கழித்து மகள் போனாலும் குழாயில் சூடு மிச்சமிருக்கும். பட்டனை அழுத்தும் வேலையே இல்லை. புது வீடு கட்டுகிறவர்கள் சுவரைப் பூசுவதற்கு முன் இதைச் செய்துவிட்டால் செலவு மிகக் குறைவு. திரும்பும் குழாயையும் அப்போதே போட்டுவைக்கலாம், பம்ப் பிறகு வாங்கிக்கொண்டாலும் சரி. டைல்ஸ் ஒட்டிய பிறகு கொத்துவதுதான் காசு.

திரும்பும் குழாய் போட வழியில்லாத வீடுகளுக்கு, பச்சைத் தண்ணீர்க் குழாயையே திரும்பும் வழியாகப் பயன்படுத்தும் பம்புகளும் அமெரிக்காவில் உண்டு. அதில் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தாலும் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பாக வரும். அப்படிப் போகும் தண்ணீர் 40 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று அங்கே விதியே வைத்திருக்கிறார்கள். ஓவர்ஹெட் டேங்கிலிருந்து இறங்கும் குழாய்களில் அந்தத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்பதைப் பிளம்பர் வரைந்து காட்டிய பிறகே சம்மதிக்க வேண்டும்.

சூடு உடனே வரும், ஜாக்கிரதை

இத்தனை நாளும் குழாயைத் திறந்தால் ஒரு நிமிடம் பச்சைத் தண்ணீர் வரும் என்று கைக்குப் பழகியிருக்கும். பம்ப் வந்த பிறகு முதல் நொடியே சூடு. கோடையில் சோலார் தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஐந்து நொடி போதும், பெரியவர்களின் தோலே வெந்துபோக. குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். முதலில் பச்சைத் தண்ணீரைத் திறந்து, பிறகு சுடுதண்ணீரைச் சேர்க்கும் பழக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் சொல்லித்தர வேண்டும். பாட்டியின் பாத்ரூமில், சூட்டை அளவோடு கலந்து கொடுக்கும் தெர்மோஸ்டாட் மிக்ஸர் வைப்பது செலவானாலும் நியாயமான செலவு.

லிஜியனெல்லா என்ற கிருமி 20 முதல் 45 டிகிரி வரையிலான தேங்கிய தண்ணீரில் வளரக்கூடியது. ஷவர் திவலையோடு நுரையீரலுக்குள் போனால் நிமோனியாவைத் தரும். எனவே குழாயை வெதுவெதுப்பாகவே நாள் முழுக்க வைத்திருக்கும் ஏற்பாடு நல்லதில்லை. வீட்டைப் பூட்டி ஊருக்குப் போய்வந்தால், முதல் நாள் பம்பைச் சற்று அதிக நேரம் ஓடவிட்டு, குழாய்களையும் திறந்து, நின்ற தண்ணீரை வெளியேற்றிவிட்டுக் குளிப்பது நல்லது. அந்த ஒரு நாள் வாளித் தண்ணீருக்குக் கணக்குப் பார்க்கத் தேவையில்லை.

தண்ணீரும் மின்சாரமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் வேலை இது. 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்சிசிபி, சரியான எர்த் இரண்டும் இல்லாமல் பம்புக்கோ பட்டனுக்கோ இணைப்புக் கொடுக்கக் கூடாது. சென்சார் வைத்துப் பரிசோதிக்கும் ஆர்வம் பிள்ளைகளுக்கு இருக்கட்டும்; 230 வோல்ட் பக்கத்தை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்ளட்டும். ஈரமாகும் இடத்தில் வைக்கும் பட்டன் பேட்டரியில் இயங்குவதாக இருந்தால் நிம்மதி.

வாங்கும் முன் ஒரு வாளிச் சோதனை

பாத்ரூமுக்குள்ளேயே கீசர் இருக்கும் வீட்டுக்கு இந்தப் பம்பே வேண்டாம். அங்கே குழாய் நீளம் ஒரு மீட்டர்தான். சாதாரண இன்ஸ்டன்ட் கேஸ் கீசருக்கும் இது பொருந்தாது. தண்ணீர் ஓடினாலே எரியத் தொடங்கும் கருவியை, அதற்கென்று செய்யப்படாத பம்போடு இணைக்கக் கூடாது.

மற்றவர்கள் ஒரு காலை நேரத்தில் சோதித்துப் பார்க்கலாம். ராத்திரி யாரும் பயன்படுத்தாத கடைசி பாத்ரூமில், அளவு தெரிந்த வாளியைக் குழாய்க்கு அடியில் வைத்துத் திறக்க வேண்டும். கைக்குச் சூடு தெரியும்வரை எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்க்க வேண்டும். 3 லிட்டருக்குள் என்றால் ஃபோம் உறை போட்டாலே போதும். 6, 7 லிட்டர், ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் என்றால், அந்த வாளியே தீர்வு; பிடித்த தண்ணீர் துணி அலசவோ செடிக்கோ போகட்டும். தூரத்தில் இருப்பது ஒரே ஒரு பாத்ரூம் என்றால், அங்கே 3 லிட்டர் கீசர் ஒன்றை வைத்து, சோலார்க் குழாயையே அதற்குள் விடலாம். முதலில் வரும் ஆறிய தண்ணீரை அது சூடாக்கும், பிறகு சோலார் சூடு வந்ததும் தானே அடங்கிவிடும். சோலாரிலிருந்து வரும் சூட்டைத் தாங்கும் கீசரா என்று கடையில் கேட்டு வாங்க வேண்டும்.

8 லிட்டர், ஒரு நாளைக்கு நான்கைந்து தடவை என்று வருகிற வீட்டில்தான் சுழற்சி பம்ப் தன் விலைக்கு வேலை செய்யும். அப்போதும் கடையில் பம்பின் பிராண்டைக் கேட்பதற்கு முன்னால், “இதை எது நிறுத்தும்?” என்று கேட்க வேண்டும். அழுத்தினால் ஓடி, சூடு வந்தால் நின்று, வராவிட்டாலும் மூன்று நிமிடத்தில் நிற்கும் என்று பதில் வந்தால் தைரியமாக வாங்கலாம். “நிறுத்தவே வேண்டாம் சார்” என்று பதில் வந்தால், அடுத்த கடையைப் பார்ப்பது நல்லது.